மூணாவது கோடு

பிப்ரவரி 13, வெள்ளி

நாளைக்கு காலைல கிளம்புறோம். எனக்கு சோறே இறங்கல.

என்னைக்காவது இத நானே திரும்பப் படிச்சா புரியணும்ல, அதனால முதல்லேர்ந்து எழுதுறேன். சகாய மெர்லின் அக்கா, தூத்துக்குடி. தமிழ்நாட்டோட ஓரமாவே சைக்கிள்ல ஒரு ரவுண்டு சுத்தி ஒம்பது நாள்ல மெரினாவுக்குத் திரும்பி வரப் போறாங்க. இதுவரைக்கும் ஒரு பொண்ணு கூட பண்ணதில்லன்னு எங்க குரூப்ல எல்லாரும் சொல்றாங்க. நான் அவங்களோட ஃபேன் பேஜ் ஆரம்பிச்சவ. போன மாசம் அக்காவே மெசேஜ் பண்ணாங்க. "பேஜ் நடத்துற வர்ஷினி நீதானா? கூட வர்ற வேன்ல ஒரு பொம்பளப்பிள்ள வேணும். வாரியா?" நான் அத படிச்சிட்டு ஆவடி ஸ்டேஷன்ல ரெண்டு டிரெயின விட்டேன். இப்ப அவங்க ஒரிஜினல் பேஜுக்கும் நான்தான் அட்மின்.

வேன்ல மொத்தம் மூணு பேர். கோச் கருணா சார், அம்பத்தூர்ல சைக்கிள் கடை வச்சிருக்கார். டிரைவர் சாதிக் அண்ணன். அப்புறம் நான். தண்ணி, வாழைப்பழம், ரீல்ஸ் எல்லாம் என் வேலை. அது போக "அந்த டிபார்ட்மென்ட்". சார் அப்படித்தான் சொல்றார். உட்கார்ற இடம்னு அவர் வாயால வராது.

அந்த டிபார்ட்மென்ட்ல நான் ரெண்டு வருஷமா யூட்யூப்லயும் ஃபோரம்லயும் படிக்காததே இல்ல. பேட் வச்ச ஷார்ட்ஸுக்குள்ள ஜட்டி போடக்கூடாது, அந்தத் தையல்தான் ரம்பம் மாதிரி அறுக்கும். ஏறுறதுக்கு முன்னாடி கிரீம் தடவணும். அடிக்கடி எழுந்து நின்னு மிதிச்சு அந்த இடத்துக்கு ரத்தம் விடணும். வண்டிய நிறுத்தின உடனே ஈர ஷார்ட்ஸ கழட்டணும். ராத்திரிக்கு குழந்தைங்களுக்கு டயாப்பர் புண்ணுக்குப் போடுற வெள்ளை கிரீம். இதெல்லாம் சாதிக் அண்ணன்கிட்ட சொன்னேன். "நானு முப்பது வருசமா டிரைவர் சீட்ல ஒக்காந்துகினு கீறேன், எனக்கு எவன் கிரீம் குடுத்தான்"னார்.

அக்காவோட ஷார்ட்ஸ் மூணையும் நேத்தே எங்க வீட்ல நான் துவைச்சேன். துணி வாசனையா வர ஊத்துவாங்கல்ல, அந்த நீல லிக்விட், அதுல ரெண்டு மூடி. சூப்பர் வாசனை. மூணுல புதுசு ஒண்ணு, அத கடைசி நாள் மெரினாவுக்குன்னு தனியா எடுத்து வச்சிட்டேன்.

போன வருஷம் சென்னை டு கன்னியாகுமரி நான்-ஸ்டாப்ல அக்கா முட்டி வலின்னு பாதில இறங்குனாங்க. அதுக்கு வந்த கமென்ட்ஸ் எனக்கு மனப்பாடம். "தோசைக் கரண்டி பிடிக்கிற கைம்மா அது." "பின்னாடி வலிச்சிருக்கும், முட்டின்னு சொல்றாங்க." நான் ஒவ்வொருத்தனோடயும் சண்டை போட்டேன். அக்கா ஒரு பதில் கூட போடல.

எனக்கு பயம்லாம் இல்ல. சும்மா பைய மூணாவது வாட்டி பிரிச்சு அடுக்கிட்டு இருக்கேன்.

பிப்ரவரி 14, சனி

சிதம்பரம் வந்துட்டோம். இருநூறு கிலோமீட்டருக்கு மேல, அக்கா சிரிச்சிட்டே இறங்குனாங்க. நான் வேன் ஜன்னல்ல தலைய விட்டு எடுத்த வீடியோ பிச்சிக்கிட்டு ஓடுது.

ஷார்ட்ஸ வாங்கி லாட்ஜ் பாத்ரூம்ல துவைச்சு, நீல லிக்விட் ஊத்தி, ஃபேனுக்குக் கீழ போட்டேன். அக்கா மோந்து பாத்துட்டு, "கல்யாணப் பொண்ணு சேலை மாதிரி மணக்குதுட்டி"ன்னாங்க. இத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலைல அக்கா முட்டி லேசா பிடிக்குதுன்னு சொன்னாங்க. போன வருஷ ஞாபகம் வந்து சார் முகம் மாறிடுச்சு. உடனே சீட்ட கொஞ்சம் ஏத்தி வச்சார். முட்டி சரியாயிடுச்சு.

நாகப்பட்டினம் தாண்டி ஒரே உப்புக் காத்து. முத்துப்பேட்டை லாட்ஜ்ல குளிக்கப் போன அக்கா கதவ லேசா திறந்து, "வர்ஷி, இங்கன வா. கதவச் சாத்து. கொஞ்சம் பாத்துச் சொல்லு"ன்னாங்க.

இடது பக்கம் மட்டும். தொடை முடிஞ்சு, உட்கார்ற எலும்பு தொடங்குற இடம். ஒரு ரூபா காசு அளவுக்கு செவப்பு, நடுவுல வேர்க்குரு மாதிரி ஒண்ணு. ஒண்ணுமில்லக்கா, உராய்ஞ்சிருக்கு அவ்வளவுதான்னு சொல்லி வெள்ளை கிரீம் போட்டேன். உண்மையாவே ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் வர்றதுதான்.

"சார்கிட்ட சொல்லிருவோமாக்கா?"

"சொன்னா என்ன செய்வாரு? அவரு பாப்பாரா? ஒரு நாள் ரெஸ்ட்டும்பாரு, ரெண்டு நாளும்பாரு, அப்புறம் வீட்டுக்குப் போம்பாரு. பேப்பர்காரன் ஏன் நின்னீங்கன்னு கேப்பான். என்ன சொல்ல? குண்டில புண்ணுன்னா?" டவல எடுத்துச் சுத்திக்கிட்டாங்க. "நீ ஒருத்திதான் பாத்திருக்க. உன் வாயில இருந்து வரக் கூடாது, கேட்டியா."

சரின்னு தலையாட்டிட்டேன். அவங்க என்னை நம்பி காட்டியிருக்காங்க. மொத்த உலகத்துல எனக்கு மட்டும்.

பிப்ரவரி 16, திங்கள்

துவைச்ச ஷார்ட்ஸ் ரெண்டும் காயல. கடலோரக் காத்து ஈரமா இருக்கு. ஈரத்தோட போட்டுட்டுக் கிளம்பிட்டாங்க. புதுசு இருக்கேன்னு சொன்னேன், அது மெரினாவுக்குன்னு நீதான சொன்னன்னாங்க.

வேன்ல உட்கார்ந்து ஏன் இடது பக்கம் மட்டும்னு தேடிட்டே வந்தேன். ஒரு பக்கம் மட்டும் வந்தா இடுப்பு ஆடுதுன்னு அர்த்தமாம். சீட் ஹைட்டா இருந்தா கால் எட்டாம, ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஒரு பக்கமா இறங்கும், அந்தப் பக்கமே தேயும். நான் எடுத்த ரீல எடுத்து ஸ்லோ-மோஷன்ல போட்டேன். சனிக்கிழமை வீடியோல இடுப்பு ஆடவே இல்ல. இன்னைக்கு வீடியோல இடது பக்கம் இறங்குது, இறங்குது, இறங்குது. இத மூணு லட்சம் பேர் பாத்து ஹார்ட் போட்டிருக்காங்க.

தேடுறப்ப இன்னொண்ணும் கண்ல பட்டுச்சு. வாசனை லிக்விட் பேட்ல ஊத்தக் கூடாதாம். வேர்வைய இழுக்காம அப்படியே நிக்க வைக்குமாம், தோல எரிச்சல் பண்ணுமாம். இது எல்லாருக்கும் ஆகும்னு இல்ல. பாட்டில ராமநாதபுரம் லாட்ஜ் குப்பைத்தொட்டில போட்டுட்டேன். இடம் அடைச்சிட்டு இருந்துச்சு.

பிப்ரவரி 17, செவ்வாய்

காலைல சார்கிட்ட சுத்தி வளைச்சு கேட்டேன். "சார், சீட் கொஞ்சம் ஹைட்டா இருக்கோ?"

"ஏன், உன் மெர்லின் அக்கா சொன்னாளா?"

"இல்ல சார், வீடியோல பாக்குறப்ப..."

"வீடியோ எடுக்குறது உன் வேலை. முட்டி என் வேலை. எனக்கு அந்த முட்டி மெரினா வரைக்கும் வேணும்." திட்டல, சிரிச்சிட்டேதான் சொன்னார். நான் அதுக்கு மேல பேசல. பேசியிருந்தா ஏன்னு கேட்டிருப்பார்.

மதியம் தூத்துக்குடி. அக்கா தெருவே திரண்டு நின்னுச்சு. மாலை, பட்டாசு, சர்ச் ஃபாதர் ஜெபம். நடுவுல ஒரு பிளாஸ்டிக் சேர், அதுல டவல் விரிச்சு வச்சிருந்தாங்க. அக்கா உட்காரவே இல்ல. "அஞ்சு நாளா ஒக்காந்தேதான வாரேன், கொஞ்ச நேரம் நிக்கேன்"னு சொன்னாங்க, எல்லாரும் சிரிச்சாங்க. நாலு நாள்தான் ஆச்சு. அவங்களுக்கு நாள் கணக்கு விட்டுப்போச்சு.

அவங்க அம்மா சிரிக்கல. என்னை அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு தட்டுல மீன் குழம்பு ஊத்தி, நான் சாப்பிடுறதையே பாத்துட்டு இருந்தாங்க. "அவ சின்னதுல இருந்து வலின்னா சொல்ல மாட்டா. நீ பாத்துக்கம்மா." சரிம்மான்னேன். எல்லாருக்கும் சரின்னே சொல்லிட்டு இருக்கேன்.

திருச்செந்தூர்ல லாட்ஜ். இப்ப அது நெல்லிக்காய் சைஸ். தொட்டா கல்லு மாதிரி, சூடா இருக்கு. சுத்தி செவப்பு உள்ளங்கை அளவு. ஒரு ஃபோரம்ல ஒரு நர்ஸ் எழுதியிருந்தாங்க, செவப்போட ஓரத்துல பேனாவால கோடு போடுங்க, செவப்பு கோட்டைத் தாண்டுனா அதுக்கப்புறம் வீட்டுல வச்சிருக்காதீங்கன்னு. பேனா தோல்ல எழுதல. என் ஐலைனரால போட்டேன், வாட்டர்ப்ரூஃப். அக்காவுக்கு கூச்சம், சிரிச்சாங்க. "மேக்கப் போடுற இடமாட்டி இது."

கோடு அழகா வந்துச்சு. தாண்டாது. தாண்டாதுன்னு நினைக்கிறேன்.

பிப்ரவரி 18, புதன்

தாண்டிடுச்சு.

கன்னியாகுமரில கடலுக்கு முன்னாடி சைக்கிளத் தூக்கி ஃபோட்டோ எடுத்தோம். தூக்குறப்ப அக்கா பல்லக் கடிச்சது ஃபோட்டோல சிரிப்பு மாதிரி விழுந்திருக்கு. பாதி தூரம் முடிஞ்சுதுன்னு கேப்ஷன் போட்டேன்.

நாகர்கோவில் ரூம்ல பாத்தப்ப கோட்டுக்கு வெளிய ஒரு விரல் அகலத்துக்கு செவப்பு. நான் சொன்னேன். சொல்லிட்டேன்ல, அத இங்க எழுதி வைக்கிறேன். "அக்கா, தாண்டிருச்சு, ஆஸ்பத்திரி போலாம்"னு தெளிவா சொன்னேன்.

அக்கா குப்புறப் படுத்துட்டு சுவரப் பாத்து சொன்னாங்க. "அழிச்சிட்டு புதுசா போடு."

"அக்கா..."

"பழைய கோடு பழைய கணக்கு. இனி தாண்டுனா போலாம். சத்தியமா போலாம். போடு."

போட்டேன். பழைய கோடு முழுசா அழியல, வாட்டர்ப்ரூஃப்ல.

மாத்திரை போட்டுட்டுத் தூங்குனாங்க. போர்வை கேட்டாங்க. எனக்கு ஃபேன் போட்டும் வேர்க்குது, அவங்க ரெண்டு போர்வைக்குள்ள. வெயில்ல ஓட்டுனா உடம்பு அப்படித்தான் பண்ணும்னு ஒரு வீடியோல பாத்திருக்கேன். எந்த வீடியோன்னு ஞாபகம் இல்ல. தேடிட்டே இருக்கேன், கிடைக்கல.

பிப்ரவரி 19, வியாழன்

பஸ்ல இருக்கேன். பஸ் குலுங்குது, தப்பு தப்பா டைப் ஆகுது. பரவால்ல.

விடிகாலைல கிளம்பி திருநெல்வேலி வந்தோம். வழக்கமா ரோட்டுல ஒரு குழி வந்தா அக்கா எழுந்து நிப்பாங்க. இன்னைக்கு குழியே இல்லாத ரோட்டுல பூரா தூரமும் நின்னுட்டே மிதிச்சாங்க. சாதிக் அண்ணன், "இன்னாமா, உங்கக்கா இன்னைக்கு ஒக்காரவே இல்ல"ன்னார். சார் கண்ணாடி வழியா அக்காவப் பாத்தார், என்னைப் பாத்தார், திரும்ப ரோட்டப் பாத்தார்.

ஆலங்குளம் தாண்டி ஒரு டீக்கடை. அக்கா வேன்ல ஒருக்களிச்சுப் படுத்தாங்க. கன்னத்தத் தொட்டேன். கொதிச்சுச்சு. கண்ணு என்னைப் பாக்குது, ஆனா என்னைப் பாக்கல. "வர்ஷி, மெரினா வந்துருச்சா"ன்னு கேட்டாங்க.

நான் சார்கிட்ட போய் நின்னேன். வாய் திறந்தேன். "சார், லெமன் ஜூஸ் இருக்கான்னு கேக்கவா"ன்னு வந்துச்சு. அவரே கேட்டுட்டு வர்றேன்னு கடைக்குள்ள போனார். சாதிக் அண்ணன் டயருக்குக் காத்துப் பாத்துட்டு இருந்தார். சைக்கிள் புளியமரத்துல சாஞ்சு நின்னுச்சு.

ஸ்பேர் டயர் இருக்கு, செயின் இருக்கு, ஒரு முழு வீலே இருக்கு. சீட்டும் அது நிக்கிற குழாயும் மட்டும் ஸ்பேர் இல்ல. பேக் பண்ணது நான்தான, எனக்குத் தெரியும். அந்த சைஸ் குழாய் இந்தப் பக்கம் எந்தக் கடைலயும் கிடைக்காது. என் பையில ஆலன் கீ இருந்துச்சு. ஒரே ஒரு போல்ட். லூஸ் பண்ணி அப்படியே உருவுனேன். டவல்ல சுத்துனேன். தென்காசி டவுன் பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்.

லேடீஸ் டிக்கெட் ஃப்ரீ. கண்டக்டர் டவலப் பாத்து, "என்னம்மா, கோழியா? சத்தம் போடுமா?"ன்னார். இல்லண்ணேன்னேன்.

சார் போன் பண்ணார், எடுக்கல. சாதிக் அண்ணன், எடுக்கல. அக்கா போன் வந்துச்சு.

"எங்கட்டி இருக்க?"

"பஸ்ல."

"சீட்டு எங்க?"

"என் மடியில."

வேன் கதவு திறக்குற சத்தம் கேட்டுச்சு.

"திருப்பிக் கொண்டா."

"தென்காசி பெரியாஸ்பத்திரி வாசல்ல நிப்பேன்கா. அங்க வந்து வாங்கிக்கோங்க."

"நீ யாருட்டி எனக்கு? ஏதோ பேஜ் நடத்துறவ. உன்னையெல்லாம் கூட்டிட்டு வந்தேன் பாரு."

கட் பண்ணிட்டாங்க. நான் யாருன்னு எனக்கே தெரியல. வராம வேற எங்கயாவது போயிட்டா? வேற சைக்கிள் வாங்கி ஏறிட்டா? ரெண்டு வருஷமா அவங்க பேரச் சொல்லித்தான் நான் காலைல எழுந்திருக்கேன்.

பிப்ரவரி 19, சாயங்காலம்

வந்தாங்க. வெயில்ல போர்வையப் போத்திட்டு, சாதிக் அண்ணன் தோளப் பிடிச்சிட்டு இறங்குனாங்க. என்னைத் தாண்டிப் போனாங்க. சீட்ட வாங்கல.

டாக்டரம்மா திரைக்குள்ள பாத்துட்டு வெளிய வந்து, "யாரு இந்தக் கோடெல்லாம் போட்டது?"ன்னு கேட்டாங்க. நான் கையத் தூக்குனேன், கிளாஸ்ல தூக்குற மாதிரி.

"கோடு போட்டது நல்ல வேலைதான். ஆனா மூணு கோடு இருக்கே. முதல் கோடு தாண்டுனப்பவே ஏன் வரல?"

சார் என்னைத் திரும்பிப் பாத்தார்.

மேல நான் ரெண்டுன்னுதான் எழுதியிருக்கேன். மூணாவது இன்னைக்குக் காலைல, கிளம்புறதுக்கு முன்னாடி. அக்கா கேக்கக் கூட இல்ல. நானாதான் போட்டேன். புதுக் கோடு போட்டா கொஞ்ச நேரத்துக்கு எல்லாமே உள்ள இருக்குற மாதிரி இருக்கும்.

உடனே அறுத்து சீழ எடுக்கணும்னு உள்ள கொண்டு போயிட்டாங்க. ரத்தத்துல ஏற ஆரம்பிச்சிருக்கு, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தீங்கன்னான்னு டாக்டரம்மா தொடங்குனாங்க. நர்ஸ் கூப்பிட்டாங்க, முடிக்காமலே போயிட்டாங்க.

வராண்டா பெஞ்சுல சார் என் பக்கத்துல உட்கார்ந்தார். "எனக்கு செவ்வாக்கிழமையே சந்தேகம். கேட்டா எங்க, எப்படின்னு கேக்கணும். பொம்பளப் பிள்ளகிட்ட எப்படிக் கேக்குறது. அதான் நீ இருக்கியே, எதாவதுன்னா சொல்லுவன்னு விட்டுட்டேன்." சீட் இன்னும் மடியிலதான் இருந்துச்சு.

பிப்ரவரி 20, வெள்ளி

காய்ச்சல் இறங்குது. அக்கா என்கூட பேசல.

பிப்ரவரி 21, சனி

பேஜ்ல எல்லாரும் கேக்குறாங்க. ஏன் நின்னுட்டாங்க, மறுபடி முட்டியா, எங்க இருக்காங்க. சார் முட்டின்னே போட்டுறலாம்னார். அக்கா குப்புறப் படுத்த வாக்குலயே முதல்முறையா என்னைப் பாத்துப் பேசினாங்க.

"முட்டி வேண்டாம். சீட்டு களவு போச்சுன்னு போடு. அது உண்மைதான."

நான் டைப் பண்ணேன். ஆலங்குளம் தாண்டி ஒரு டீக்கடைல வண்டிய நிறுத்துனப்போ யாரோ சீட்ட திருடிட்டாங்க, அதனால பயணம் நின்னுடுச்சு, மெர்லின் மீண்டும் வருவார். அக்கா படிச்சுப் பாத்து சரின்னாங்க. அப்புறம் கண்ண மூடிட்டு, "தண்ணி குடு"ன்னாங்க. குடுத்தேன். டம்ளரப் பிடிச்சப்ப அவங்க விரல் என் விரல் மேல பட்டுச்சு, எடுக்கல. இல்ல, பலம் இல்லாம இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கமென்ட்ஸ் ஏழாயிரம் தாண்டிடுச்சு. ஒருத்தர் கூட அக்காவத் திட்டல. "திருடுன கை வெளங்காது." "சிக்குனா கட்டி வச்சு உரிக்கணும்." எங்க ஃபேன் குரூப் ரேஷ்மா, நானும் அவளும் தினம் பேசுவோம், எழுதியிருக்கா: "அந்த நாய் மட்டும் என் கைல கிடைக்கணும்." என்னைத் தனியா மெசேஜ்ல கேட்டா, நீ அங்கதான இருந்த, யாரையும் பாக்கலையான்னு. பாக்கலன்னேன்.

மதியத்துக்கு மேல அது மாறுச்சு. யாரோ நான் கடைசியா போட்ட ரீல்ல தெரிஞ்ச கடை போர்டப் பாத்து எந்தக் கடைன்னு கண்டுபிடிச்சிட்டாங்க. கடைக்காரர் நம்பர் போட்டுட்டாங்க. "இவன் ஆளுங்கதான் எடுத்திருப்பானுங்க." கடைக்கு முன்னாடி நாலு பைக் நிக்கிற வீடியோ வந்துச்சு. சத்தம் போடுறாங்க, உள்ளேர்ந்து ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிடுறாங்க. அன்னைக்கு சார் கேட்ட லெமன் ஜூஸுக்கு அவங்கதான் உப்பு போட்டுக் குடுத்தாங்களாம், சாதிக் அண்ணன் சொன்னார்.

போஸ்ட்ட டெலிட் பண்ணலாம். எல்லாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாச்சு. உண்மையப் போடலாம். அக்கா தூங்குறாங்க, இன்னும் குப்புற, நாலு நாளுக்கப்புறம் முகத்துல வலி இல்லாம. அவங்க யாருக்கும் காட்ட விரும்பாதத நான் ஏழாயிரம் பேருக்குக் காட்டணும். அது என்னுது இல்ல.

அட்மின் ஐடிலேர்ந்து வெளிய வந்தேன். என் சொந்த ஐடி, என் ஃபோட்டோ, என் காலேஜ் பேரெல்லாம் இருக்குறது. எழுதுனேன்:

"கடைக்காரங்களத் திட்டாதீங்க. சீட்ட எடுத்தது நான். அது என்கிட்டதான் இருக்கு. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேன்."

கூட ஒரு ஃபோட்டோ. ஆஸ்பத்திரித் தரை தெரியாம, டவல் மேல சீட்ட வச்சு எடுத்தது. விரல் பட்டனுக்கு மேலயே ரொம்ப நேரம் நின்னுச்சு. அம்மா பாப்பாங்க. ரேஷ்மா பாப்பா. திங்கக்கிழமை கிளாஸ். அப்புறம் அந்த அம்மாவோட கும்பிட்ட கைய இன்னொருவாட்டி ஓட விட்டுப் பாத்துட்டு அமுத்துனேன்.

கொஞ்ச நேரத்துல கட்டில் கம்பி மேல வச்சிருந்த போன் அதிர ஆரம்பிச்சுது. நிக்கவே இல்ல, கம்பியே நடுங்குது. அக்கா முழிச்சிட்டாங்க.

"யாருட்டி, இத்தன மெசேஜ்?"

"அம்மாதான்கா. சாப்டியான்னு கேக்குறாங்க."

"சாப்டேன்னு சொல்லு"ன்னு திரும்பிப் படுத்தாங்க.